சோர்ஸ் பொத்தான்

இடுப்பின் வலது பக்கத்தில், எலும்பும் எலும்பும் சேருகிற இடத்தில், யாரோ ஆணியை வைத்துத் திருகுவது போலிருந்தது. மாடிப்படி ஏறி வந்ததிலிருந்தே அப்படித்தான். அவன் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தரைவிரிப்பில் உட்கார்ந்து, எதிரே இருந்த டிவியை நோக்கி ரிமோட்டைப் பிடித்திருந்தான். ரிமோட்டின் தலையிலிருந்த சிவப்பு விளக்கு மின்னும்போதெல்லாம், பக்கத்துச் சாய்வு நாற்காலியில் கிடந்த பெரியவரின் இமைகள் மூடித் திறந்தன.

கண் என்றால் இமைக்கத்தான் செய்யும் என்று முதலில் விட்டுவிட்டான். ஆனால் விளக்கு மின்னாத இடைவெளிகளில் அந்தக் கண்கள் விறைத்துத் திறந்தே கிடந்தன. ஈ வந்து உட்கார்ந்தால்கூட மூடாது போல. விளக்கு மின்னியது, இமை விழுந்தது. மறுபடி மின்னியது, மறுபடி விழுந்தது. டிவியைப் பார்க்க வேண்டியவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். டிவி ஒளிர்ந்தபோது கட்டைவிரல்தான் தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது. சிவப்பு விளக்கு அவிந்தது. முதல் ரிமோட் முடிந்தது.

அந்தக் கட்டைவிரலை வைத்துத்தான் இப்போது அவன் பிழைப்பு. ஒரு காலத்தில் முதுகை வைத்துப் பிழைத்தான். மின்சாமான் கடையில் சுமை தூக்குகிற வேலை. ஃபிரிட்ஜை நாடாவால் முதுகோடு கட்டிக்கொண்டு, லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் மாடி மாடியாக ஏறினான். கீழேயிருந்து தாங்கியவனுக்குக் கை நழுவிய ஒருநாள் இடுப்பு போயிற்று. வீட்டுக்குப் போ என்று சொல்ல மனம் வராத முதலாளி, கடை மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒரு பெட்டி நிறைய மலிவு ரிமோட்டுகளை எடுத்து வைத்து, கேட்கிறவர்களுக்குப் பொருத்திக் கொடு என்றார். கொஞ்ச நாளிலேயே எழுத்து அழிந்துபோகிற, கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கமும் பேட்டரி ஒரு பக்கமும் ஓடுகிற சரக்கு. ஆனால் எல்லாக் கம்பெனிகளின் கோட் எண்களும் அதன் வயிற்றுக்குள் கிடக்கும். செட் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும். பிறகு அது கோட்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே போகும். எந்தக் கோடுக்கு எதிரே இருக்கிற கருவி அசைகிறதோ, அந்த நொடியில் ஏதாவது ஒரு பொத்தானைத் தட்டினால் அந்தக் கோட் பூட்டிக்கொள்ளும். அரை மூச்சு தாமதித்தாலும் தாண்டிப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அதனால் மூளையைக் கேட்காமல் விரல் தட்டிவிட வேண்டும். எதிரே ஏதாவது அசைந்தால் தட்டு. அவ்வளவுதான் தொழில்.

மூளை இல்லாதவனுக்கு ஏற்ற வேலை என்று கடைப் பையன்கள் கிண்டலடிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்துக்கொள்வான்.

வீட்டுக்குக் கூப்பிட்டவள் பெரியவரின் மகள். சலவைக் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவில் வேலை. இரண்டு முன்கைகளிலும் பழைய சூட்டுத் தழும்புகள். கதவைத் திறந்த கையோடு, நின்றபடியே நிலவரத்தைச் சொல்லிவிட்டாள். அப்பா சினிமா தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆபரேட்டராக இருந்தவர். தியேட்டரை இழுத்து மூடியதும் வீட்டில் ஓர் அறையைத் தன் கையாலேயே தியேட்டராக்கினார். ஜன்னலைப் பலகை வைத்து அடித்தார். சுவர் முழுக்கக் கறுப்புத் துணி, தரையில் தடித்த விரிப்பு, மூலைக்கு மூலை ஸ்பீக்கர். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வேறு அறையில் படுக்க வைத்தால் முனகிக்கொண்டே இருப்பார். இங்கே படம் ஓடினால் அடங்கிக் கிடப்பார். சம்பளத்துக்குப் பகலில் பார்த்துக்கொள்ள வருகிற ஆயாம்மாவுக்குப் பழைய ரிமோட்டுகளோடு மல்லுக்கட்ட முடியவில்லை. அவையும் ஒவ்வொன்றாக விழுந்து உடைந்துவிட்டன. டிவிக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, மலிவாக இருந்தால் போதும்.

வேலை விஷயம் முடிந்த பிறகு, அவன் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னாள். அவருக்கு எதுவும் புரியாது, யாரையும் தெரியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் வேலை விட்டு வந்ததும் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, நான் யாரு, சொல்லுங்க என்று கேட்பாளாம்.

"சின்ன வயசுல இருந்து என்னை வாலுன்னுதான் கூப்பிடுவாரு. பேரைச் சொன்னதே இல்ல. ஒரே ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டாப் போதும்ணே. அப்புறம் எத்தனை வருஷம் வேணும்னாலும் தூக்கிக் குளிப்பாட்டிக்கிட்டுக் கிடப்பேன்."

அவனும் பாரம் சுமந்தவன்தான். சுமக்கிறவர்கள் பதிலுக்குக் கேட்பது கொஞ்சமே கொஞ்சம் என்று அவனுக்குத் தெரியும். கூப்பிடுவாரும்மா என்று சொல்லிவைத்தான்.

டீ போட்டு வருகிறேன் என்று அவள் சமையலறைக்குப் போனாள். இனி ஆம்ப்ளிஃபயர். அது பெரியவர் தானே கோத்த பெட்டி. முகப்பில் கம்பெனிப் பெயர் கிடையாது, உள்ளே எந்தப் பழைய செட்டின் சர்க்யூட் பலகையைப் பிடுங்கி வைத்திருக்கிறாரோ அவருக்குத்தான் வெளிச்சம். அதன் விளக்கு இத்துப்போயிருந்தது. எரிகிறதா அணைந்திருக்கிறதா என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. இருட்டாக்கிப் பார்க்கலாம் என்று அவன் டிவியை அணைத்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினான்.

சாத்தியதும் வெளியே பட்டப்பகல் என்பதே இல்லாமல் போனது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளின் சத்தம், மேல்மாடியில் யாரோ கட்டிலை இழுத்த சத்தம், சமையலறைக் குழாய்த் தண்ணீர், எல்லாவற்றையும் அந்தக் கறுப்புத் துணி உறிஞ்சிக் குடித்துவிட, இரண்டு பேருடைய மூச்சு மட்டும் மிஞ்சியது. ஒன்று இடுப்பு வலியில் விட்டு விட்டு வருகிற அவனுடையது, மற்றது நாற்காலிப் பக்கமிருந்து, தொண்டைச் சளியில் உரசிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் இழுத்து இழுத்து விடப்படுவது. சூடேறிய தூசியின் வாசனை. தைல வாசனை. அவற்றுக்கெல்லாம் அடியில், எத்தனை துடைத்தாலும் போகாத நாள்பட்ட படுக்கையின் புளித்த வாடை. அவன் தோளுக்குப் பின்னால் எங்கோ ஒரு ஸ்பீக்கர், கவனித்துக் கேட்டால் மட்டும் கேட்கிற அளவுக்கு, மெலிதாக இரைந்துகொண்டிருந்தது.

இரண்டாவது ரிமோட் பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்தது. வேலை செய்கிறதா என்று பார்க்க, வழக்கம்போலச் செல்போன் கேமராவைத் திறந்து அதன் முனைக்கு நேரே பிடித்தான். ரிமோட்டின் வெளிச்சம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் பார்த்தால் வெளிறிய ஊதாவாகத் தெரியும். பொத்தானை அமுக்கினான். திரையில் ஊதாப் பொட்டு மின்னியது. அதற்குப் பின்னால், இருட்டுக்குள், இன்னும் இரண்டு பொட்டுகள் மின்னின.

நாற்காலி இருந்த இடத்தில். ஒரு முகத்தில் கண்கள் இருக்கிற உயரத்தில்.

ஈரக் கண்ணில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இருட்டில் பூனையின் கண் தெரிவதில்லையா. சரிபார்க்க மறுபடியும் அமுக்கினான். ரிமோட் மின்னி அணைந்தது. அணைந்த பிறகு, ஒரு நொடி கழித்து, அந்த இரண்டும் மின்னின. பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் சேர்ந்து வந்து சேர்ந்து போக வேண்டும். இது கேட்டுக்கொண்டு பதில் சொன்னது போலிருந்தது.

செல்போனைச் சட்டைப் பையில் போட்டான். வேலையை முடி, டீயைக் குடி, படியிறங்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். செட் பொத்தானை அமுக்கிப் பிடித்து, விளக்கு எரிந்ததும் ஆம்ப்ளிஃபயரை நோக்கி நீட்டினான்.

கோட்கள் போய்க்கொண்டே இருந்தன. ஆம்ப்ளிஃபயர் செத்துக் கிடந்தது. அவன் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே, ஒவ்வொரு மின்னலுக்கும் அங்கே இமைகள் ஈரமாக ஒட்டிப் பிரிவது கேட்கிறாற்போல் இருந்தது. எங்கே, எத்தனையாவது கோடில் என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவனுக்குச் சொல்ல வரவில்லை. அந்தச் சளி மூச்சு நின்றது. சுத்தமாக நின்றது. பிறகு, தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன் மேலே வந்து இழுப்பது போல ஒரு பெரிய இழுப்பு.

"வாலு," என்றது ஒரு குரல். "லைட்டைப் போடேன். ஒண்ணுமே தெரியல."

கட்டைவிரல் தட்டிவிட்டது.

சிவப்பு விளக்கு அவிந்தது. கோட் பூட்டிக்கொண்டது.

அவன் கதவைத் திறந்தபோது அவள் டீத் தம்ளரோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து மறுபடியும் அதே குரல், அதே பெயர். தம்ளர் சாய்ந்து, கொதிக்கிற டீ அவள் விரல்களில் வழிந்தது. சூடு பட்டுப் பழகிய கை. அவள் குனிந்து பார்க்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அந்த அறையில் நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் பயந்திருக்க மாட்டார்கள். விளக்குப் போட்டார்கள். பெரியவர் பேசினார். வாய் ஒரு பக்கம் கோணியபடியே, ஆனால் தெளிவாகப் பேசினார். சாப்பிட்டாயா என்று மகளைக் கேட்டார். அவள் கையைப் பார்த்துவிட்டு, துணியைத் தேய்க்கச் சொன்னால் உன்னையே தேய்த்துக்கொள்கிறாயா என்றார். அவள் அவர் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள், நடுநடுவே சிரித்தாள். மறுபடி விரிப்பில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த ரிமோட்காரனைப் பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு வாலு இது? எந்திரிக்கறதுக்கே ஒரு கிரேன் வேணும் போலிருக்கு. இவரைக் கூப்பிட்டு என்னைத் தூக்கச் சொல்லிடாதே, அப்புறம் ரெண்டு பேரையும் நீதான் தூக்கணும்."

அவனும் சிரித்துவிட்டான். பயம் கொஞ்சம் இறங்கியது. எத்தனையோ பேருக்கு இப்படி ஒருநாள் திடீரென்று நினைவு திரும்பியிருக்கிறது, டாக்டருக்கு என்ன தெரியும், என்று மனசு தானாகவே ஒரு நியாயம் தேடிக்கொண்டது. அப்பாவும் மகளும் பேசட்டும், நாம் வந்த வேலையைப் பார்ப்போம் என்று, ஆம்ப்ளிஃபயர் எடுக்கிறதா என்று பார்க்க வால்யூம் பொத்தானை அமுக்கினான்.

பெரியவரின் குரல் உயர்ந்தது.

கத்தவில்லை. உதடு அதே நிதானத்தில்தான் அசைந்தது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. ஏதோ பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கதை மட்டும் பெரிதாகி அறையை நிரப்பியது. அவன் குறைக்கிற பொத்தானை அமுக்கினான். குரல் இறங்கியது. விரல் வழுக்கி, பக்கத்திலிருந்த மியூட்டில் பட்டது.

உதடுகள் மட்டும் அசைந்தன.

பெரியவருக்கு அது தெரியவில்லை. சத்தமே இல்லாமல் சொல்லிக்கொண்டே போனார். தலையை ஆட்டினார். சிரிக்க வேண்டிய இடத்தில் வாயைத் திறந்து சிரித்தார். அந்த வாயிலிருந்து ஒரு மூச்சின் சத்தம்கூட வரவில்லை. ரிமோட்காரன் மியூட்டை மறுபடி அமுக்கினான். சிரிப்பின் கடைசித் துண்டு வந்து விழுந்தது.

மகள் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். இது சரியில்லம்மா, ஏதோ ஏடாகூடமா ஆயிருக்கு, யாரையாவது கூப்பிடலாம் என்று அவன் தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தான். அவள் ரிமோட்டை அவன் விரல்களிலிருந்து, குழந்தையை வாங்குவது போல, பதமாக வாங்கிக்கொண்டாள்.

"எதுல ஓடுதுன்னு எனக்கு எதுக்குண்ணே. எங்கப்பா பேசறாரு."

அவன் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, அவள் கையில் இருக்கும்போதே பவர் பொத்தானின் மேல் ஒட்டினான். தெரியாமல் பட்டுவிடக் கூடாதே. வயதானவர்கள் வீட்டுக்குப் பொருத்தினால் வழக்கமாக இரண்டு பொத்தான்களை ஒட்டி மறைப்பான்: ஒன்று பவர், இன்னொன்று சோர்ஸ். டிவிக்குப் படம் எந்த வழியாக வர வேண்டும் என்பதை மாற்றுகிற பொத்தான் அது. கைதவறி அமுக்கிவிட்டால் படம் வருகிற வழி விட்டுப்போய்ச் செட் வெற்று வழியில் நிற்கும், பாட்டிமார் டிவி போச்சு என்று போன் செய்வார்கள். இரண்டாவது துண்டைக் கிழித்துக்கொண்டிருந்தபோது அவள் நகர்ந்துவிட்டாள்.

"கை ஒண்ணு அசைஞ்சாப் போதும்ணே. தானே சாப்பிட்டுக்குவாரு."

சேனல் பொத்தானை அமுக்கினாள். ஒன்றுமில்லை. மெனு. பெரியவரின் புருவம் ஒருமுறை துடித்தது. அவள் விரல் இறங்கி, சோர்ஸில் நின்றது.

"அதைத் தொடாதீங்கம்மா."

தொட்டுவிட்டாள்.

பெரியவர் ஒரு வார்த்தையின் நடுவில் இருந்தார். வார்த்தை பாதியில் அறுந்தது. முகத்திலிருந்து எல்லாம் போனது. தூங்குகிற முகத்தில்கூட ஆள் இருப்பார், இதில் இல்லை. தோல், பல், முடி. ரிமோட்காரனுக்கு அந்த வெறுமை பழக்கமானது. வயர் செருகாத வழியில் நிற்கிற செட்டின் முகம் அது.

அவள் அப்பா, அப்பா என்று தோளை உலுக்கினாள். அவன் தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னான். பயப்படாதீங்க, அமுக்கிக்கிட்டே போங்க, சுத்தி வரும். எந்தச் செட்டாக இருந்தாலும் நாலைந்து வழிதான் இருக்கும். கடைசி முடிந்தால் முதலுக்குத்தான் வந்தாக வேண்டும். அப்பாவிடமே வந்து நிற்கும்.

அவள் அமுக்கினாள்.

தாடை அசைய ஆரம்பித்தது. மென்றது. வாயில் ஒன்றுமில்லை. மென்றுகொண்டே இருந்தது.

அமுக்கினாள்.

"கதவைத் திறங்க," என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல், பெரியவரின் வாயிலிருந்து. "கதவைத் திறங்க. கதவைத் திறங்க."

அமுக்கினாள். மூச்சே விடாத ஒரு சிரிப்பு. நீண்டுகொண்டே போனது. அமுக்கினாள். யாரோ வெகுதூரத்தில் ஓடுகிற மூச்சிரைப்பு. அமுக்கினாள். புரியாத பாஷையில் கெஞ்சல். நாலு ஆகிவிட்டது. ஐந்து ஆகிவிட்டது. சுற்றி வரவில்லை. ஒருமுறை வந்தது மறுமுறை வரவில்லை. அவன் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றான். அவன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை. அவள் கட்டைவிரலின் நகம் வெளுத்திருந்தது.

அமுக்கினாள்.

சத்தமில்லை.

இதுவரை வந்த எவருக்கும் இந்த அறை தெரியவில்லை. அவரவர் தங்கள் இடத்தில் இருந்தார்கள். இது பார்த்தது. முதலில் கூரையை. பிறகு கறுப்புத் துணியை. பிறகு அவளை. பிறகு, கண்கள் மெதுவாக நகர்ந்து, அவனை. கோணியிருந்த வாய் நேரானது. வலது கை, இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்த கை, நாற்காலிக் கைப்பிடியிலிருந்து எழுந்தது. அதை முகத்துக்கு முன்னால் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது. கடையில் எடுத்த சட்டையின் அளவு சரியா என்று பார்ப்பது போல.

"அப்பா," என்றாள் அவள். கை அசைந்துவிட்டதே என்று, ஒரு நொடி, அவள் முகம் மலரக்கூடச் செய்தது.

"அப்பா," என்று அதுவும் சொல்லிப் பார்த்தது. பெரியவரின் குரல்தான். நாக்கில் வைத்து ருசி பார்த்தது. "சரி. உன்னை அவன் எப்படிக் கூப்பிடுவான்?"

அவள் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.

அது காத்திருந்தது. பிறகு அந்தக் கையை அவளிடமிருந்த ரிமோட்டுக்காக நீட்டியது. விரல் நுனி பிளாஸ்டிக்கைத் தொட்டது.

ரிமோட்காரன் பாய்ந்தான். இடுப்பில் ஆணி ஆழமாக இறங்கியது. ரிமோட்டைப் பிடுங்கினான். பிடுங்கிய கையோடு மூடியைத் தள்ளி, கவிழ்த்து, உதறினான். எந்த ரிமோட் கிறுக்குப் பிடித்தாலும் முதல் வைத்தியம் அதுதான். நூறு வீட்டில், ஆயிரம் முறை. கை தானாகச் செய்தது. இரண்டு பேட்டரியும் விரிப்பில் விழுந்து, சத்தமே இல்லாமல், நாற்காலிக்கு அடியில் உருண்டன.

அது அப்படியே உட்கார்ந்திருந்தது.

ரிமோட்டில் பேட்டரி இல்லை என்பதற்காக எந்தச் செட்டும் அணைவதில்லை. நல்ல ரிமோட் என்றால் பேட்டரி போனாலும் கோட் எண்ணை ஞாபகம் வைத்திருக்கும். மலிவு ரிமோட்டுக்கு ஞாபகமே பேட்டரிதான். கழற்றினால் எல்லாம் போச்சு. இதைக் கடையில் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுப்பான். இப்போது அந்த ரிமோட்டுக்கு எதுவும் தெரியாது. அவளையும் தெரியாது, அவரையும் தெரியாது. போய்ச் சேர வேண்டிய வழியும் தெரியாது.

அவன் முழங்காலிட்டு நாற்காலிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். பேட்டரி கிடைத்தது. தலைக்கு மேலே அந்த மூச்சு கேட்டது. சளி இல்லை. சுத்தமான மூச்சு.

அன்று சாயங்காலம் முழுக்க முதல் கோடிலிருந்து கடைசிக் கோட் வரை அனுப்பிப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து. ஆம்ப்ளிஃபயர்கூட ஒரு கோடுக்கு விழித்துக்கொண்டது. நாற்காலி அசையவில்லை. இமைகூட விழவில்லை. எது சரியான கோட் என்று காட்டிவிடாமலிருக்க, வேண்டுமென்றே இமைக்காமல் இருந்தது என்று அவனுக்குப் பட்டது.

டாக்டருக்கு மகிழ்ச்சி. அதிசயமான முன்னேற்றம் என்று அவள் தோளைத் தட்டினாராம். பகலில் பார்த்துக்கொள்ள வந்த ஆயாம்மா மறுநாளே நின்றுவிட்டாள். காரணம் கேட்டதற்கு, உடம்பு முடியல என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வீட்டை விட்டு வாங்கம்மா என்று ரிமோட்காரன் சொல்லிப் பார்த்தான். உடம்பு எங்கப்பாவோடதுதானே, அதை விட்டுட்டு எங்கே போவேன், அவர் திரும்பி வந்தா உட்கார இடம் வேணாமா என்றாள் அவள்.

அதனால் அவன் கடை முடிந்ததும் வருகிறான். கைப்பிடியைப் பிடித்துப் படியேறி, விரிப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, செட் பொத்தானை அமுக்குகிறான். சிவப்பு விளக்கு மின்னுகிறது. அவள் அறைக்கு உள்ளே வருவதில்லை. நிலைப்படியில் சாய்ந்து, முகத்தில் எதையும் காட்டாமல் நிற்கிறாள். காட்டக் கூடாது என்று அவன்தான் சொல்லியிருக்கிறான். ஏனென்றால் அது அவன் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாப்பாட்டைத் தன் வலது கையாலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு, அவன் ஒரு கோட் எண்ணை அனுப்பும்போதெல்லாம் அதுவும் ஒன்றை அனுப்புகிறது.

"கண்ணு," என்கிறது. அவள் முகத்தைப் பார்க்கிறது. அசைவில்லை.

விளக்கு மின்னுகிறது.

"செல்லம்." பார்க்கிறது.

மின்னுகிறது.

"குட்டி." பார்க்கிறது. அவசரமே இல்லை. மெல்லுகிறது. விழுங்குகிறது.

மின்னுகிறது.

"வாண்டு."

நிலைப்படியில் இருந்த அவள் சுண்டுவிரல் ஒருமுறை துடித்தது. அவ்வளவுதான். அவனே அதைக் கடைக்கண்ணால்தான் பார்த்தான். ஆனால் நாற்காலியில் மெல்லுகிற சத்தம் நின்றுபோயிற்று. பெரியவரின் முகம், அவருக்கு ஒருபோதும் இருந்திராத ஒரு சிரிப்போடு, அவள் பக்கம் முழுதாகத் திரும்பியது.

"கிட்ட வந்துட்டேன் போல."

ரிமோட்காரனின் கட்டைவிரல் ஒரு பொத்தானின் மேல் தயாராக நின்றது. சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே போனது. அது அந்தப் பெயரைக் கண்டுபிடித்து அவளைப் பூட்டிக்கொள்வதற்குள் அவன் முந்த வேண்டும். அவளுக்கு அவன் திருப்பித் தர வேண்டியது இன்னும் பாக்கி: அவளுடைய அப்பா.